ரூத் கேடயம்

வரவேற்பறையில், டிவிக்கு மேலே அடித்திருந்த பலகையில் அந்தக் கேடயம் நின்றது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதுதான் கண்ணில் படும். தப்பித் தவறிப் படாமல் போய்விடக் கூடாதே என்று, அதற்கு முன்னால் இருந்த பூச்சாடியைப் பிழையம்மா குளியலறைக்கு நாடு கடத்தி நாலு வருஷமாகிவிட்டது. பழுப்பு நிற மரத்துண்டு, அதன்மேல் பித்தளைத் தகடு. தகட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி நிமிர்ந்து நிற்கிறாள், இன்னொருத்தி அவளை இறுக்கக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கீழே ‘இவ்வாண்டின் ரூத்’ என்று பொறித்திருந்தது.

சபையின் பெண்கள் ஐக்கியம் வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்கிற கேடயம் அது. மாமியாரை விட்டுப் பிரியாமல், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு. ஒரு வருஷம் வீட்டில் வைத்திருந்துவிட்டு அடுத்த வருஷம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. இவர்கள் வீட்டுக் கேடயமும் விதிப்படி ஒழுங்காகத் திரும்பிப் போகும். கூட்டம் முடிந்ததும் அதே பையில், அதே பஸ்ஸில், அதே மருமகளின் மடியில் உட்கார்ந்து வீடு வந்து சேரும். மற்ற மாமியார்களுக்கு வயிற்றெரிச்சல் சொல்லி மாளாது. “எங்க வீட்டுலயும்தான் ஒருத்தி மூணு வேளையும் ஆக்கிப் போடுறா. ஆனா என் மகன் உயிரோட இருக்கானே, நான் என்ன செய்யறது?” என்று ஒரு அம்மாள் மனம் நொந்து கேட்டதாகக் கேள்வி.

அந்த அம்மாள் கேட்டதில் நியாயம் இருந்தது. வேதத்தில் வரும் ரூத்துக்கும் புருஷன் இல்லை. நகோமி என்கிற மாமியார் பிழைக்கப் போன இடத்தில் புருஷனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துவிட்டுச் சொந்த ஊருக்குக் கிளம்புகிறாள். மருமகள்கள் இருவரும் கூட வருகிறார்கள். பாதி வழியில் ஓர்பாள் என்பவள் தாய்வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். ரூத்தோ, நீங்கள் எங்கே போனாலும் நானும் அங்கேதான் என்று ஒட்டிக்கொள்கிறாள். சபைக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். புத்தகத்தில் மொத்தம் நாலு அதிகாரம். சபை முதலாவதிலேயே நெக்குருகி நின்றுவிட்டது.

பிழையம்மா என்பது அந்த வீட்டு மாமியார் அச்சகத்தில் சம்பாதித்த பேர். முப்பத்திரண்டு வருஷம் அச்சுப்பிழை திருத்தினாள். அவள் கையில் போன தாள் காயத்தோடுதான் திரும்பி வரும் என்று அச்சுக் கோப்பவர்கள் அலறுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் மளிகைக் கடை அட்டையிலிருந்து மருந்துச் சீட்டு வரை எதையும் அவள் சும்மா விட்டதில்லை. ஒரே மகன். கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில், ஒரு சாதாரண அறுவை சிகிச்சைக்கு என்று தன் காலால் நடந்து போனவன், திரும்பி வரவில்லை. அது நடந்து ஐந்து வருஷம். அன்றிலிருந்து அந்த நாலாம் மாடி வீட்டில் அவளும் மருமகளும்தான். மருமகளுக்கு முப்பத்து மூன்று வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குக் கண்ணைச் சோதித்து, மூக்குக்கு ஏற்ற சட்டம் பார்த்துக் கொடுப்பாள். காலையில் போனால் ஆறு மணிக்கு டாணென்று வாசலில் நிற்பாள். அதிர்ந்து பேச மாட்டாள். சிரிப்பாள் என்றும் சொல்ல முடியாது, புன்னகைப்பாள்.

இந்த நிம்மதியில் மண்ணைப் போட்டது ஒரு டெலிபோன் அழைப்பு. செவ்வாய்க்கிழமை காலை, பெண்கள் ஐக்கியத்தின் தலைவியம்மா கூப்பிட்டாள். நல்ல மனசுக்காரி. அடுத்த வீட்டுச் செய்தியை மட்டும் அவளால் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாது.

“சொல்லலாமா வேண்டாமான்னு ராத்திரி பூரா தூக்கமே இல்லீங்க,” என்று ஆரம்பித்தாள். “உங்க மருமகளைப் பஸ் ஸ்டாப் பக்கத்துப் பேக்கரியில பார்த்தேன். எதிர்ல ஒரு ஆம்பளை.”

“யாரு?”

“உங்க கட்டடத்துக்கு லிஃப்ட் ரிப்பேர் பண்ண வருவாரே, அவருதான். சும்மா உக்காந்திருந்தா நான் ஏன் உங்களுக்குப் போன் பண்ணப் போறேன்? சிரிச்சாங்க.”

“யாரு சிரிச்சா?”

“உங்க மருமகதான். வாய் விட்டுச் சிரிச்சா. பன்னு வாங்க வந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க.”

பிழையம்மா போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்று மாதத்தில் லிஃப்ட் ஆறு தடவை நின்றிருக்கிறது. ஆறு தடவையும் மருமகள் வேலை முடிந்து வருகிற நேரத்துக்குத்தான் பழுது சரியாகியிருக்கிறது. அந்த மனுஷன் வாசலில் காலணியைத் துடைத்துவிட்டு வந்து “இப்ப ஓடுதும்மா” என்று சொல்லிவிட்டுப் போவார். இந்தக் காலத்தில் இப்படிப் பொறுப்பான ஆளைப் பார்க்க முடியுமா என்று அவளே மருமகளிடம் புகழ்ந்திருக்கிறாள். ஒரு முற்றுப்புள்ளி இடம் மாறினால் கண்டுபிடிக்கிறவளுக்கு, கண்ணெதிரே இவ்வளவு பெரிய லிஃப்ட் ஏறி இறங்கியது தெரியாமல் போயிற்று.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். ஆறு மணிக்குக் கதவு திறக்கும் சத்தம் இல்லாத ஒரு வீட்டை அவள் நினைத்துப் பார்த்தாள், அன்றைக்கு மத்தியானம் அவளால் சாப்பிட முடியவில்லை.

மருமகளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும். அதனால் கேட்கவில்லை. புதன்கிழமை காலை போதகரைப் பார்க்கப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கேடயக் கூட்டம். ரூத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாக, உள்ளே போய்த் தைக்கிற மாதிரி ஒரு செய்தி கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றாள். போதகர் இளைஞர். ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“நல்ல யோசனைதாம்மா. ஆனா நான் பேசினா எடுபடாது. எங்க வீட்டுல எங்கம்மாவும் என் மனைவியும் பேசிக்கிட்டு ரெண்டு மாசமாச்சு. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மாமியார் மருமகளைப் பத்திப் பேசறது? நீங்களே பேசுங்களேன். நகோமியே வந்து பேசின மாதிரி இருக்கும். ‘ரூத்: விசுவாசமும் மீட்பும்’. அரை மணி நேரம். சரியா?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். ஆனால் பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தாள், இதுவும் நல்லதற்குத்தான் என்று பட்டது. முன்வரிசையில் மருமகள் உட்கார்ந்திருப்பாள். ஓர்பாளைப் பற்றி நாலு வார்த்தை நறுக்கென்று சொன்னால் போதும். பேக்கரிப் பக்கம் அவள் தலை வைத்துப் படுக்க மாட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு வேதத்தைத் திறந்தாள். ரூத்தின் புத்தகம் அவளுக்குப் புதிதல்ல. முதியவர்களுக்காகப் பெரிய எழுத்தில் சின்னச் சின்னப் புத்தகங்களாக அச்சகம் போட்டபோது, அதை மட்டும் பதினொரு தடவை திருத்தியிருக்கிறாள். ஆனால் பிழை திருத்துகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தைக் கடைசி வரியிலிருந்து ஆரம்பித்து மேல்நோக்கிப் படிப்பார்கள். முன்னாலிருந்து படித்தால் கதை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும், கண் எழுத்தைக் கோட்டைவிடும். ஆகையால் பதினொரு தடவையும் அவள் ரூத்தை வால் பக்கத்திலிருந்துதான் படித்திருந்தாள். ஐந்து எழுத்துப் பிழை, இரண்டு கால்புள்ளி, ஒரு வசன எண் இடமாற்றம். கதையில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டிருந்தால் சபைக்குத் தெரிந்த அளவுதான் அவளுக்கும் தெரியும்.

பழக்க தோஷத்தில் முதலில் கடைசியிலிருந்தே படித்தாள். பிழை ஒன்றும் இல்லை. பிறகு, அரை மணி நேரம் பேசியாக வேண்டுமே என்று, அடிக்கோலை வரியின் கீழே வைத்துக்கொண்டு முன்னாலிருந்து ஆரம்பித்தாள்.

எட்டாம் வசனத்தில் நகோமி மருமகள்களிடம், உங்கள் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்கிறாள். பிழையம்மா ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். பதினோராம் வசனத்தில் மறுபடியும் திரும்பிப் போங்கள் என்கிறாள். இரண்டாவது கோடு. பன்னிரண்டில் மூன்றாவது. பதினைந்தில், ஓர்பாள் போன பிறகு, ரூத்தைத் தனியாகப் பார்த்து, நீயும் அவள் பின்னால் போ என்கிறாள். நாலாவது கோடு.

நாலு தடவை. கையில் காசில்லை, கூட ஆளில்லை, வயதும் போய்விட்டது. அந்த நிலைமையில் நின்றுகொண்டு ஒரு மாமியார் நாலு தடவை போ போ என்று சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் ரூத், போக மாட்டேன் என்கிறாள். அந்த வசனத்தைத்தான் சபை சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தது. அதற்கு முன்னால் உள்ள நாலையும் யாரும் மாட்டவில்லை.

பிழையம்மா பென்சிலைக் கீழே வைத்தாள். தான் எத்தனை தடவை சொன்னோம் என்று எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. ஒரு தடவைகூட இல்லை. அது மட்டுமா?

மகன் போய் ஏழாம் மாதம். மருமகள் கடைக்குப் போயிருந்த ஒருநாள், அறையைப் பெருக்கும்போது துடைப்பம் கட்டிலுக்கு அடியில் எதிலோ இடித்தது. பெட்டி. இழுத்துத் திறந்தாள். துணி, சான்றிதழ்கள், ஒரு கல்யாணப் புகைப்படம், எல்லாம் அழகாக அடுக்கியிருந்தது. தன் அக்கா வீட்டுக்குப் போகிறாள், போனால் வர மாட்டாள் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. பெட்டியை இருந்த இடத்துக்கே தள்ளிவிட்டு, அன்றைக்கே தலைவியம்மாவின் வீட்டுக்குப் போனாள். இந்தக் காலத்தில் ரூத் மாதிரி மருமகள்களைச் சபை கௌரவிக்க வேண்டாமா என்று கேட்டாள். தலைவியம்மாவுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. பத்தே நாளில் கேடயம் தயாராயிற்று. தகட்டில் பொறிக்க வேண்டிய வாசகத்தைத் திருத்திக் கொடுத்ததும் பிழையம்மாதான். அந்த ஞாயிற்றுக்கிழமை சபை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. மருமகள் கேடயத்தை வாங்கிக்கொண்டாள். புதன்கிழமை கட்டிலுக்கு அடியில் பார்த்தபோது பெட்டி இல்லை. பரண்மேல் காலியாகக் கிடந்தது.

அதைப் பிரார்த்தனைக்குக் கிடைத்த பதில் என்று அவள் நாலு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

அடிக்கோலை நகர்த்தினாள். மூன்றாம் அதிகாரத்துக்கு வந்தபோது வாய்விட்டு “அடிப் பாவி” என்றாள். அங்கே நகோமி மருமகளைக் கூப்பிட்டு, குளித்து, வாசனைத் தைலம் பூசி, நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு போவாஸ் என்கிற ஆளிடம் போ என்கிறாள். உனக்கு ஒரு வாழ்வு தேடித் தர வேண்டாமா என்று கேட்டு அனுப்பிவைக்கிறாள். போவாஸ் அவளைக் கல்யாணம் செய்துகொள்வதைத்தான் மீட்பு என்று புத்தகம் சொல்லிற்று. மாமியார் துணை இல்லாமல் அது நடந்திருக்கவே நடந்திருக்காது. பதினொரு தடவை திருத்தியும் இது கண்ணில் படவில்லையே என்று பிழையம்மாவுக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை மருமகளுக்கு அரை நாள் வேலை. மத்தியானம் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்மாடி, அந்த லிஃப்ட்காரர் நல்ல மனுஷனா?”

மருமகளின் கை கோப்பையோடு நின்றது. “ஏன் அத்தை, மறுபடியும் நின்னுடுச்சா?”

“நின்னாத்தான் அவரைப் பத்திக் கேக்கணுமா? தலைவியம்மா உங்க ரெண்டு பேரையும் பேக்கரியில பார்த்தாங்களாம்.”

பிறகு மருமகள் கோப்பையை வைத்தாள். “கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டாரு. முடியாதுன்னு சொல்லிட்டேன்.”

பிழையம்மாவின் நெஞ்சில் முதலில் வந்தது நிம்மதி. மூன்று நாளாகப் படித்த வேதமெல்லாம் எங்கே போயிற்றோ, நிம்மதிதான் வந்தது. அதற்கு அப்புறம் தன் மேலேயே அவளுக்குக் கசந்தது.

“ஏன் அப்படிச் சொன்னே? நல்லா குளிச்சு, நல்லதா ஒண்ணு உடுத்திக்கிட்டு, வாசனையா ஏதாவது பூசிக்கிட்டு, போய் அவரைப் பாரு. பார்த்துப் பேசு.”

“அத்தை!” மருமகள் எழுந்து வந்து அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

“நான் சொல்லலை. நகோமி சொல்றா. மூணாம் அதிகாரம்.”

“என்னை யாரும் இங்க கட்டிப் போடலையே அத்தை. நானாத்தானே இருக்கேன்.” மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லலை. அவர் தவறின வருஷம், நான் அக்கா வீட்டுக்கே போயிடலாம்னு பெட்டியெல்லாம் கட்டிட்டேன். உங்களுக்குத் தெரியாது. எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தப்பதான் திடீர்னு கேடயம்னாங்க. சபையே எழுந்து நின்னுது. கடவுளே வந்து, போகாதேன்னு சொன்ன மாதிரி இருந்தது. கடவுளே சொன்னப்புறம் நான் எப்படிப் போக முடியும்? இப்ப மட்டும் எப்படிப் போறது?”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கடவுளோடு ஒப்பிட்டுப் பேசிய பிறகு அது நானேதான் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அது பிழையம்மாவிடம் இல்லை.

“டீ ஆறிடும். குடி,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கூடம் நிரம்பி வழிந்தது. மேசைமேல் கேடயம் பளபளவென்று நின்றது. தலைவியம்மா முகத்தில் கல்யாண வீட்டுக் களை. மருமகள் முன்வரிசையில், வருஷா வருஷம் அவளுக்கென்று ஒதுக்குகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிழையம்மா கையில் ஆறு பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தாள். எல்லாவற்றையும் சுற்றி வளைத்துச் சொல்லி, யார் மனதும் நோகாமல் முடிக்கிற ஆறு பக்கம். ராத்திரி எழுதியதைக் காலையில் மூன்று தடவை திருத்தியிருந்தாள்.

முதல் பக்கத்தைப் படித்தாள். நகோமி நாலு தடவை போகச் சொன்னாள் என்றாள். கூட்டம் தலையாட்டியது. நிமிர்ந்து பார்த்தாள். மருமகளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள், வகுப்பில் பாடம் கேட்கிற பிள்ளையின் முகத்தோடு. பிழையம்மாவால் அதற்குமேல் தாளைப் படிக்க முடியவில்லை.

“நான் ஒரு தடவைகூடச் சொல்லலை,” என்றாள். “அந்தப் பெட்டியை நான் பார்த்தேன். இவ கிளம்பப் போறான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தலைவியம்மாகிட்ட ஓடினேன். இந்தக் கேடயம் என் யோசனை. இவளைப் பாராட்டணும்னு இல்லை. இவ போயிடக் கூடாதுன்னு. கடவுள் ஒண்ணும் சொல்லலை. நான்தான் அவர் பேரைச் சொல்லி வாசலை அடைச்சேன். நாலு வருஷமா இவளை ரூத் ரூத்னு கூப்பிடுறோம். ரூத்துக்கு வாசல் திறந்திருந்தது. இவளுக்கு நான் திறக்கவே இல்லை.”

சொல்லிவிட்டு மூச்சு வாங்க நின்றாள். இனிமேல் சபையில் யாரும் நம் முகத்தில் விழிக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள்.

பின்வரிசையில் யாரோ “ஸ்தோத்திரம்!” என்றார்கள். இன்னொரு குரல் சேர்ந்தது. பிறகு கைதட்டல், கூடம் அதிர்கிற மாதிரி. தலைவியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு ஓடி வந்தாள்.

“பாருங்க, என்ன தாழ்மை! மருமகளை உயர்த்துறதுக்காகத் தன்னையே எவ்வளவு தாழ்த்திக்கிறாங்க பாருங்க! இப்படி ஒரு சாட்சியை நான் கேட்டதே இல்லை.” கையை உயர்த்திக் கூட்டத்தை அமர்த்தினாள். “அஞ்சாவது தடவையா இந்தக் கேடயம் அவங்க வீட்டுக்கே போகுது. அதோட, அடுத்த வருஷத்துலேர்ந்து மாமியாருக்கும் ஒண்ணு கொடுக்கணும்னு என் மனசுல இப்பத்தான் உணர்த்தப்பட்டது. இவ்வாண்டின் நகோமி!”

“நான் நிஜமாத்தான் சொன்னேன்,” என்றாள் பிழையம்மா. மைக் அதற்குள் தலைவியம்மா கைக்குப் போயிருந்தது. போதகர் கூட எழுந்து நின்று கைதட்டினார். அவருடைய அம்மாவும் மனைவியும் கூடத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரில் ஒருத்திதான் அவள் சொன்னதைச் சொன்னபடி கேட்டிருந்தாள். முன்வரிசையில் அந்த நாற்காலி காலியாக இருந்தது.

கேடயத்தை மேசைமேலேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தாள். வாசலைத் தாண்டியதும் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்து, “மறந்துட்டீங்களே!” என்று அதைக் கையில் திணித்தாள். பஸ்ஸில் முதல் தடவையாக அது பிழையம்மாவின் மடியில் உட்கார்ந்து வந்தது. நல்ல கனம்.

பெட்டி கட்டிலின்மேல் திறந்திருந்தது. மருமகள் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பிழையம்மா கதவோரம் நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

“கடவுள்னு நெனச்சேன் அத்தை,” என்றாள் மருமகள், திரும்பாமல். “நாலு வருஷமா தினமும் ராத்திரி அவருக்கு நன்றி சொன்னேன்.”

“தெரியும்மா.”

“இல்லை. உங்களுக்குத் தெரியாது.”

“என்னை மன்னிச்சுடு.”

“இப்ப முடியலை.” ஒரு துணியை உதறி மறுபடி மடித்தாள். “முடிஞ்சா சொல்றேன்.”

பிழையம்மா உள்ளே வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஏதாவது செய்ய வேண்டும் போல் கை பரபரத்தது. “லிஃப்ட்காரர்கிட்ட நான் வேணா ஒரு வார்த்தை...”

“வேண்டாம்.” மருமகள் இப்போது திரும்பினாள். கண் சிவந்திருந்தது. “முதல்ல கேடயத்தைக் குடுத்து இருக்க வெச்சீங்க. இப்ப வேதத்தைக் காட்டி அனுப்பி வெக்கிறீங்க. ரெண்டையும் நீங்களே செஞ்சுட்டா நான் எப்பத்தான் எதையாவது செய்யறது? அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கே தெரியலை. உங்களை விட்டுட்டு இருக்க முடியுமான்னும் தெரியலை. அக்கா வீட்டுல போய் உக்காந்து யோசிக்கிறேன். அவ அதிகமாப் பேச மாட்டா.”

திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. பிழையம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாததைச் சொன்னாள்.

“போயிட்டு வான்னு சொல்ல மாட்டேன். போ, அம்மாடி. உன் இஷ்டம்போல இரு.”

சொல்லும்போது குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. அவளுக்கே ஆச்சரியம். பெட்டியின் பூட்டு சரியாக விழவில்லை, இருவரும் ஆளுக்கொரு பக்கம் அழுத்தி மூடினார்கள். மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது, காஸ்காரர் எப்போது வருவார், யாரைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் மருமகள் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தாள். அதில் இரண்டு பிழை இருந்தது. பிழையம்மா அதைத் தொடவில்லை.

வாசலில் மருமகள் பெட்டியை வெளியே வைத்துவிட்டு லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் ஒரு குறையும் இல்லாமல் மேலே வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் பிழையம்மாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை, மேடையில் நின்று பேசியிருக்கிறாள், பஸ் ஸ்டாப்பிலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கதவின் விளிம்பை இறுக்கப் பிடித்துக்கொண்டாள். நடிப்பில்லாமல், நிஜமாகவே தலை சுற்றியது.

மருமகள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துப் பழகிய கண். பெட்டியின் பிடியிலிருந்து அவள் கை தானாக விலகியது.

“என்ன அத்தை, கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? தலை சுத்துதா?”

ஒரு சொல் போதும். ஆமாம் என்று சொன்னால் பெட்டி உள்ளே வந்துவிடும். பொய்கூட இல்லை, உண்மை. உள்ளே வந்த பெட்டி பரணுக்குப் போகும், நாளைக்கு ஆறு மணிக்குக் கதவு திறக்கும். யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். மருமகளும் சொல்ல மாட்டாள், அதுதான் கொடுமை. பிழையம்மா விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மங்கலாகத் தெரிந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“சேச்சே, நல்லாத்தான் இருக்கேன். காத்து வருதேன்னு நிக்கிறேன். நீ ஏறு, கதவு மூடிடும்.”

மருமகள் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். லிஃப்டின் கதவு மூடியது. அது மூன்றாம் மாடியையும், இரண்டாம் மாடியையும், முதல் மாடியையும் தாண்டிக் கீழே போய் நிற்கும் சத்தம் கேட்கிற வரைக்கும் பிழையம்மா நின்றுகொண்டே இருந்தாள். அதற்கு அப்புறம்தான் கதவைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.